விரல்வரிச் சான்று: வங்கத்தில் வளர்ந்த அறிவியல்

மனிதக் கையின் உட்புறத் தோல் உடலின் பிற இடத்துத் தோலைப் போன்றது அன்று. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மயிர் முளைப்பதில்லை. எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கு இல்லை. மாறாக, உழவு சால் ஓடிய வயலைப் போல மேடும் பள்ளமுமான மெல்லிய வரிகள் நெருங்கிக் கிடக்கின்றன. வரிமேடுகளின் உச்சியில் வியர்வைத் துளைகள் வரிசையாகத் திறந்திருக்கின்றன. வழுவழுப்பான பொருளையும் நழுவாமல் பற்றவும், தொடுவதை நுட்பமாக உணரவும் இந்த அமைப்பு துணை செய்கிறது. மக்கள் கைரேகை என்றும் விரல்ரேகை என்றும் வழங்கும் இவ்வரிகள், கடந்த நூற்று முப்பது ஆண்டுகளாக உலகின் நீதிமன்றங்களில் சான்று கூறி வருகின்றன. அச்சான்று எப்படிப் பிறந்தது, எதனால் வலிமை பெற்றது, அதன் எல்லை எது என்பவை ஒவ்வொரு குடிமகனும் அறியத்தக்கவை.

வரிகளின் பிறப்பு

கருவின் வளர்ச்சியில் ஏறத்தாழ 10ஆம் வாரத்தில் விரல்நுனித் தோலின் அடிப்படலத்தில் வரிமேடுகள் தோன்றத் தொடங்குகின்றன. 24ஆம் வாரத்துக்குள் அவற்றின் அமைப்பு முழுமை பெற்றுவிடுகிறது. விரல்நுனியில் அப்போதிருக்கும் திண்டு போன்ற புடைப்பின் வடிவும் உயரமும், வரிகள் எவ்வடிவில் வளையும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றன. இதில் மரபணுக்களுக்குப் பங்குண்டு. ஆனால் ஒரு வரி எங்கே முடிய வேண்டும், எங்கே இரண்டாகக் கிளைக்க வேண்டும் என்ற நுண்மையை மரபணு மட்டும் எழுதுவதில்லை. கருப்பைக்குள் அந்தந்த நொடியில் நிலவும் அழுத்தமும் வளர்ச்சி வேகமும் அதில் கலக்கின்றன. ஆகவேதான் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் விரல்வரிகள் பொது வடிவில் ஒத்திருந்தாலும் நுண்குறிகளில் வேறுபடுகின்றன.

வரிகளின் வேர் தோலின் அடிப்படலத்தில் இருப்பதால், மேல்தோல் தேய்ந்தாலும் உரிந்தாலும் பழைய வடிவமே மீண்டும் வளர்கிறது. அடிப்படலம் வரை செல்லும் ஆழ்ந்த காயம் மட்டுமே நிலையான வடுவை விடும். அவ்வடுவும் பின்னர் ஓர் அடையாளமாகிவிடும். ஒருவருக்கே உரியதாக இருத்தல், வாழ்நாள் முழுதும் மாறாதிருத்தல் ஆகிய இவ்விரு பண்புகளே விரல்வரிச் சான்றின் அடித்தளம்.

உடற்கூற்று அறிஞர்கள் இவ்வரிகளை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருந்தனர். இங்கிலாந்தின் நெகமையா குரூ 1684இல் அவற்றை வரைந்து காட்டினார். செருமானியரான யோகான் மேயர், இருவரின் வரிகள் முழுதும் ஒன்றாக அமைவதில்லை என்று 1788இல் எழுதினார். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கினே 1823இல் விரல்நுனி வடிவங்களை ஒன்பது வகையாகப் பிரித்தார். எனினும் இவர்களுள் எவரும் இதை ஆளை அறியும் கருவியாக எண்ணவில்லை. அந்த எண்ணம் ஆய்வுக்கூடத்தில் தோன்றவில்லை; வங்காளத்து அலுவலகம் ஒன்றில் தோன்றியது.

ஊக்ளிக் கரையில்

1858ஆம் ஆண்டு சூலையில், வங்காளத்தின் சங்கிபூரில் பணியாற்றிய வில்லியம் எர்ழ்செல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குக் கல் வழங்க ராச்யதர் கோனாய் என்பவருடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். கையொப்பம் இட்டவர் பின்னர் 'இது என் கையெழுத்து அன்று' என மறுப்பது அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. அதைத் தடுக்க, அலுவலக முத்திரைக்குப் பயன்படும் மையைக் கோனாயின் உள்ளங்கையில் பூசி, ஒப்பந்தத்தின் பின்புறம் அழுத்திப் பதியச் செய்தார் எர்ழ்செல். அப்போது அவருக்கு வரிகளின் அறிவியல் தெரியாது. தாளைத் தொட்ட கையை மறுக்க மனிதர் அஞ்சுவர் என்பதே அவர் எண்ணம்.

ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. தம் விரல்களையும் நண்பர்களின் விரல்களையும் ஆண்டுக்கணக்கில் பதித்துச் சேர்த்தார். வரிகள் மாறவில்லை என்பதைக் கண்ணால் கண்டார். 1877இல் ஊக்ளி மாவட்டத்தின் நீதிபதியாக இருந்தபோது ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவோர், சிறைப்பட்டோர் ஆகியோரிடம் விரற்பதிவு பெறத் தொடங்கினார். இறந்துபோனவரின் ஓய்வூதியத்தை வேறொருவர் வாங்கிச் செல்வதும், தண்டனை பெற்றவருக்காகக் கூலிக்கு ஒருவர் சிறை புகுவதும் இதனால் தடுக்கப்படும் என்று அவர் நம்பினார். இம்முறையை மாகாணம் முழுதும் பரப்ப வேண்டி அவர் மேலிடத்துக்கு எழுதிய மடல் ஏற்கப்படவில்லை. ஆயினும் அவர் சேர்த்த பதிவுகள் வீணாகவில்லை. 1859இல் எடுத்த தம் விரற்பதிவையும் 1916இல் எடுத்ததையும் ஒப்பிட்டு, 57 ஆண்டுகளிலும் வரிகள் மாறாத உண்மையை அவர் உலகுக்குக் காட்டினார்.

தோக்கியோவில் மற்றொருவர்

எர்ழ்செல் கண்டது ஆளின் அடையாளம். குற்றம் நடந்த இடத்தில் கிடக்கும் தடயத்தைக் கண்டவர் வேறொருவர். தோக்கியோவின் சுகிச்சி மருத்துவமனையில் பணிபுரிந்த கென்றி ஃபால்ட்சு என்ற இசுகாத்துலாந்து மருத்துவர், ஓமோரியில் அகழ்ந்தெடுத்த தொன்மையான பானை ஓடுகளில் குயவரின் விரல்தடங்களைக் கண்டார். அங்கிருந்து அவர் சிந்தனை உயிருள்ள மனிதரின் விரல்களுக்குத் திரும்பியது. 1880 அக்தோபர் 28 அன்று 'நேச்சர்' இதழில் வெளியான அவருடைய மடல், குற்றம் நடந்த இடத்து விரல்தடத்தால் குற்றவாளியை அறியலாம் என்று அச்சில் அறிவித்தது.

அம்மடலில் அவர் இரு நிகழ்ச்சிகளைக் குறித்தார். ஒன்றில், எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த விரல்தடம் மருத்துவமனைச் சாராயத்தைக் குடித்தவரைக் காட்டிக்கொடுத்தது. மற்றொன்றில், வெள்ளைச் சுவரில் பதிந்த புகைக்கரித் தடம், ஐயத்துக்கு உள்ளானவர் அச்சுவரில் ஏறவில்லை என்பதற்குச் சான்றாயிற்று. விரல்வரிச் சான்றின் முதல் மடலிலேயே குற்றம் செய்தவரைப் பிடித்ததும் செய்யாதவரைக் காத்ததும் அருகருகே நிற்கின்றன. இவ்விரு கடமைகளும் இணையானவை என்பதை இவ்வறிவியலைக் கையாள்வோர் மறக்கலாகாது.

இங்கிலாந்தின் பிரான்சிசு கால்ட்டன், எர்ழ்செல் தந்த பதிவுகளை வைத்து ஆராய்ந்து 1892இல் 'விரற்பதிவுகள்' என்ற நூலை வெளியிட்டார். வடிவங்களை வில், கண்ணி, சுழி என மூன்றாகச் சுருக்கினார். வரி முடிவு, வரிக் கிளை, தீவு போன்ற நுண்குறிகளே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்கின்றன என்று நிறுவினார். இரு விரல்கள் முழுதும் ஒத்தமைய 6,400 கோடியில் ஒன்று என்ற அளவுக்கே வாய்ப்புண்டு என்று கணித்தார்.

அதே 1892இல் அர்செந்தீனாவில் ஒரு கொலை வழக்கு விரல்தடத்தால் முடிவுக்கு வந்தது. நெக்கோச்சியா ஊரில் பிரான்சிசுகா ரோகாசு என்ற பெண்ணின் இரு குழந்தைகள் கொல்லப்பட்டனர். அவள் அண்டை வீட்டான் ஒருவன்மேல் பழி சுமத்தினாள். காவலர் அவனைத் துன்புறுத்தியும் அவன் குற்றத்தை ஒப்பவில்லை. குரோவாசியாவில் பிறந்து லா பிளாத்தாவில் காவல்துறைப் பணி செய்த குவான் வுசெத்திச்சு, தமக்கெனவே ஒரு வகைப்பாட்டை உருவாக்கி அதில் பிறரையும் பயிற்றியிருந்தார். அவரிடம் பயின்ற அல்வாரசு என்ற ஆய்வாளர், கதவில் குருதியில் பதிந்த பெருவிரல் தடத்தைக் கண்டு, அந்த மரத்துண்டை அறுத்தெடுத்துச் சென்றார். தடம் தாயின் விரலுடையது. அவள் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அடித்து உண்மையை வரவழைக்க முயன்ற பழைய முறை தோற்ற இடத்தில், கண்ணால் கண்டு ஒப்பிடும் புதிய முறை வென்றது.

கல்கத்தாவில் பிறந்த கணக்கு

ஒரு விரற்பதிவை மற்றொன்றுடன் ஒப்பிடுவது எளிது. ஆனால் பல்லாயிரம் பதிவுகளுள் வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி? இவ்வினாவுக்கு விடை கிடைக்கும் வரை விரல்வரி காவல்துறைக்குப் பெரிதாகப் பயன்பட முடியாதிருந்தது. அந்நாளில் பாரிசில் அல்போன்சு பெர்த்தியோன் வகுத்த உடல் அளவை முறையே பல நாடுகளில் வழக்கில் இருந்தது. தலையின் நீளம், நடுவிரலின் நீளம், முன்கையின் நீளம் என உறுப்புகளைக் கருவிகொண்டு அளந்து அட்டையில் எழுதுவது அம்முறை. அளப்பவர் மாறினால் அளவும் மாறியது. கருவிகளும் பயிற்சியும் பெருஞ்செலவு வைத்தன.

1891இல் வங்காளக் காவல்துறைத் தலைவரான எட்வர்டு கென்றி முதலில் அளவை முறையையே கைக்கொண்டார். பின்னர் விரல்வரியை நாடி, அதற்கோர் ஒழுங்கு காணும் பணியைத் தம் அலுவலகத்தைச் சேர்ந்த இருவரிடம் ஒப்படைத்தார். ஒருவர் அசீசுல் அக்கு. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். மற்றவர் ஏமச்சந்திர போசு. இவர்கள் உழைப்பில் உருவான வகைப்பாடு எண்ணி வியக்கத்தக்க எளிமை உடையது.

பத்து விரல்களையும் இவ்விரண்டாக ஐந்து இணைகளாக்கினர். முதல் இணையின் விரலில் சுழி இருந்தால் அதன் மதிப்பு 16. அடுத்த இணைகளுக்கு முறையே 8, 4, 2, 1. சுழி இல்லாத விரலுக்கு மதிப்பே இல்லை. ஒவ்வோர் இணையிலும் ஒரு விரலின் மதிப்பு பின்னத்தின் மேலெண்ணிலும், மற்றதன் மதிப்பு கீழெண்ணிலும் சேரும். இறுதியில் இரண்டுடனும் ஒன்றைக் கூட்டினால் அம்மனிதரின் எண் கிடைக்கும். வலக்கைப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் மட்டும் சுழி உடையவர்க்கு 17/17. எவ்விரலிலும் சுழி இல்லாதவர்க்கு 1/1. மேலெண்ணும் கீழெண்ணும் 1 முதல் 32 வரை அமையலாம் என்பதால் மொத்தம் 1,024 பிரிவுகள். 32 வரிசை, வரிசைக்கு 32 அறை கொண்ட ஒரு நிலைப்பேழையில் அத்தனையையும் அடுக்கலாம். ஒவ்வோர் அறையிலும் உள்ள பதிவுகளை மேலும் நுண்ணிய குறிகளால் பிரித்துக்கொள்ளலாம். முன்பு நாள்கணக்கில் நீண்டிருக்கக்கூடிய தேடலைச் சில நிமிடங்களில் முடிக்கலாயிற்று.

அரசு இம்முறையை ஆராய, நில அளவைத் துறைத் தலைவர் இசுட்ரான், வேதியியல் அறிஞர் பெட்லர் ஆகியோர் கொண்ட குழுவை அமர்த்தியது. அவர்கள் விரல்வரி முறையே சிறந்தது என்றனர். 1897 சூன் 12 அன்று தலைமை ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டே கல்கத்தா ரைட்டர்சு கட்டடத்தில் உலகின் முதல் விரல்ரேகைக் கூடம் திறக்கப்பட்டது. இலண்டனின் இசுக்காட்லாந்து யார்டில் அத்தகைய கூடம் எழுந்தது நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல்தான்.

உலகம் இந்த வகைப்பாட்டைக் கென்றியின் பெயராலேயே அழைத்தது, இன்றும் அழைக்கிறது. அசீசுல் அக்கின் பங்கு தம் பணியாளர் எவருடையதினும் பெரிது என்று கென்றியே பிற்காலத்தில் எழுத்தில் ஒப்புக்கொண்டார். விரற்பதிவு விவரங்களைத் தந்திவழி அனுப்பும் குறியீட்டு முறையை ஏமச்சந்திர போசு வகுத்தார். ஒருவருக்குக் 'கான் பகதூர்', மற்றவருக்கு 'ராய் பகதூர்' என அரசு பட்டங்கள் தந்தது. ஆனால் அவர்தம் பெயர்கள் பாடநூல்களில் பரவலாக இடம்பெறவில்லை. ஆண்டோர் பெயரால் வழங்கும் அறிவுச் செல்வத்தில் ஆளப்பட்டோரின் மூளை உழைப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை நம் மாணவர்க்குச் சொல்லித் தருவது நம் கடன்.

சல்பாய்குரித் தீர்ப்பு

கல்கத்தாக் கூடத்தின் முதற் பெருஞ்சோதனை விரைவிலேயே வந்தது. பூட்டான் எல்லையை ஒட்டிய சல்பாய்குரி மாவட்டத்தில், தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் படுக்கையில் கழுத்தறுபட்டுக் கிடந்தார். அவருடைய பெட்டியும் பேழையும் கொள்ளையிடப்பட்டிருந்தன. தோட்டத் தொழிலாளர், ஆடையில் குருதிக்கறை இருந்த சமையற்காரர், அப்பகுதியில் திரிந்த காபூலியர் எனப் பலர்மீது ஐயம் படர்ந்தது. பெட்டிக்குள் கிடந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றின் நீல அட்டையில் இரு பழுப்புக் கறைகள் தென்பட்டன. அவற்றுள் ஒன்றில் விரல்வரி தெரிந்தது. கூடத்தில் இருந்த பதிவுகளோடு ஒப்பிட்டபோது, முன்பு அந்த மேலாளரிடம் வேலை செய்து, திருட்டுக்காகச் சிறை சென்ற காங்காலி சரண் என்பவரின் வலப் பெருவிரலோடு அது ஒத்தது. தொலைவில் பீர்பூம் மாவட்டத்தில் இருந்த அவர் பிடிபட்டார். அது குருதிக்கறையே என வேதியியல் ஆய்வாளர் உறுதி செய்தார்.

1898இல் வந்த தீர்ப்பு ஆழ்ந்து எண்ணத்தக்கது. திருட்டுக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்று நீதிமன்றம் கூறியது. கொலைக் குற்றத்தை மட்டும் ஏற்கவில்லை. கண்ணால் கண்ட சான்று இல்லாத நிலையில் கொலைக்காகத் தண்டிப்பது பாதுகாப்பன்று என்று கருதியது. பஞ்சாங்கத்தை அந்த விரல் தொட்டது என்பதே விரல்தடம் உரைத்த செய்தி. தொட்ட விரல்தான் கத்தியைப் பிடித்தது என்பதை அது உரைக்கவில்லை. புதிய அறிவியலின் வியப்பில் மயங்காமல், சான்று எதைச் சொல்கிறதோ அதை மட்டும் ஏற்ற அந்நடுவுநிலை இன்றும் நமக்கு வழிகாட்டி.

ஏழாண்டுகளில் இலண்டன் வேறு முடிவை எட்டியது. 1905இல் டெப்ட்ஃபோர்டு கடையொன்றின் மேலாளரும் அவர் மனைவியும் அடித்துக் கொல்லப்பட்டனர். காலியாகக் கிடந்த பணப்பெட்டியின் தட்டில் ஒரு பெருவிரல் தடம் இருந்தது. அது ஆல்பிரெட் இசுட்ராட்டனின் விரலோடு பதினொரு குறிகளில் ஒத்தது என்று காவல்துறையினர் மன்றத்தில் காட்டினர். நடுவர் குழுவைச் சேர்ந்த ஒருவரின் விரலையே வெவ்வேறு அழுத்தத்தில் பதித்து, பதிவு சற்று மாறினாலும் வரி மாறாது என்பதை விளக்கினர். ஆல்பிரெடும் அவன் தம்பியும் தூக்கிலிடப்பட்டனர். இவ்வழக்கில் எதிர்த்தரப்புக்குத் துணை நின்றவர்களுள் கென்றி ஃபால்ட்சும் ஒருவர். ஒற்றை விரல்தடத்தை நம்பி உயிரைப் பறிப்பதற்கு முன் அம்முறை இன்னும் ஆராயப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. கண்டுபிடித்தவரே எச்சரித்தார்; அந்த எச்சரிக்கைக்கு நூறாண்டு செவி சாய்ப்பார் இல்லை.

மறைந்த தடமும் வெளிப்படும் வழியும்

குற்றம் நடந்த இடத்துத் தடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. வியர்வையில் நீர், உப்பு, அமினோ அமிலங்கள் உள்ளன. முகத்தையும் தலையையும் தொட்ட விரலில் எண்ணெய்ப் பசையும் சேர்கிறது. இவையே பொருளின்மேல் வரிவடிவில் படிகின்றன. கண்ணாடி போன்ற வழுவழுப்பான பரப்பில் நுண்பொடியைத் தூவினால் அது பசையில் ஒட்டித் தடம் தெரியும். தாளில் இவ்வழி போதாது. 1910இல் கண்டறியப்பட்ட நின்ஐதரின் என்ற வேதிப்பொருள் அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் தருகிறது. அதைத் தாளில் உள்ள தடங்களை வெளிப்படுத்தப் பயன்படுத்தலாம் என்று 1954இல் சுவீடன் அறிஞர்கள் காட்டினர். நெகிழிப் பொருள்களில் உள்ள தடத்துக்கு உடனொட்டும் பசையின் ஆவி பயன்படுகிறது. ஆவி தடத்தின்மேல் வெண்மையாக இறுகி வரிகளை எழுப்பிக் காட்டுகிறது.

தேடும் பணியை இன்று கணினி செய்கிறது. இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் நடத்தும் நாடளாவிய தானியங்கி விரல்ரேகைத் தொகுதி 2022 முதல் இயங்குகிறது. ஓரிடத்தில் கிடைத்த தடத்தை நாடெங்கும் சேர்த்த பதிவுகளோடு அது ஒப்பிடுகிறது. ஆனால் கணினி தருவது மிக ஒத்த பதிவுகளின் பட்டியல். அவற்றுள் எது அதே விரல், அல்லது எதுவுமே அன்றா என்று முடிவு சொல்பவர் மனிதரே.

பிழை எங்கே நுழைகிறது

2004 மார்ச்சு 11 அன்று மாட்ரிட் தொடர்வண்டிகளில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பூக்கிகள் இருந்த நெகிழிப் பையில் ஒரு விரல்தடம் கிடைத்தது. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் கணினி தந்த பட்டியலில் இருந்து, ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரின் விரல் அதுவே என்று அத்துறையின் வல்லுநர்கள் முடிவு செய்தனர். நீதிமன்றம் அமர்த்திய தனி வல்லுநரும் அதை ஒப்பினார். இசுப்பானியக் காவல்துறை ஏற்க மறுத்தது. பின்னர் அத்தடம் அல்சீரியர் ஒருவருடையது என்று இசுப்பானியர் கண்டறிந்தனர். இரு வாரம் சிறையில் இருந்த வழக்கறிஞர் விடுவிக்கப்பட்டார். துறை மன்னிப்புக் கேட்டது. அரசு 20 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது.

இங்கே இயற்கை தவறவில்லை. அவ்விருவரின் விரல்களும் வேறு வேறாகவே இருந்தன. தெளிவற்ற தடமொன்றில் குறிகளைத் தேடிய கண், முன்னால் இருந்த முழுப்பதிவில் கண்டதைத் தடத்திலும் கண்டது. முதல் வல்லுநர் சொன்னதை அறிந்தே இரண்டாமவர் பார்த்தார். பதிவுகள் பெருகப் பெருக, ஏறத்தாழ ஒத்த அயல் விரல் பட்டியலில் வரும் வாய்ப்பும் பெருகுகிறது.

மனச்சாய்வு எவ்வளவு வலிது என்பதை இட்டியேல் டுரோர் என்ற உளவியல் அறிஞர் ஆய்ந்து காட்டினார். ஐந்து வல்லுநர்க்கு, அவர்களே ஆண்டுகளுக்கு முன் ஒத்தவை என்று முடிவு செய்த இணைகளை, அவை மாட்ரிட் வழக்கில் தவறாகப் பொருத்தப்பட்டவை என்று சொல்லி மீண்டும் கொடுத்தார். ஐவருள் நால்வர் தம் பழைய முடிவினின்றும் மாறினர். 2011இல் அமெரிக்காவில் 169 வல்லுநரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு மற்றொரு படத்தைத் தந்தது. வெவ்வேறு விரல்களை ஒன்று எனக் கூறிய பிழை 0.1 விழுக்காடு, ஒரே விரலை வேறு எனக் கூறிய பிழை 7.5 விழுக்காடு. விரல்வரிச் சான்று வலிமை மிக்கது என்பதை முதல் எண் காட்டுகிறது. பிழையே இல்லாதது அன்று என்பதை இரண்டு எண்களும் காட்டுகின்றன.

சட்டம் சொன்ன சொல்

விரற்பதிவை இந்தியச் சான்றுச் சட்டம் 1899ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏற்றுக்கொண்டது. எவ்விடத்தில் ஏற்றது என்பதே கருதத்தக்கது. வல்லுநர் கருத்தைப் பற்றிய 45ஆம் பிரிவில்தான் சட்டம் அதைச் சேர்த்தது. விரல்தட ஒப்பீடு வல்லுநர் ஒருவரின் கருத்து. மன்றம் அதை எடைபோட்டு ஏற்கலாம், தள்ளலாம். 1961இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, குற்றம் சாட்டப்பட்டவரிடம் விரற்பதிவு பெறுவது தமக்கு எதிராகத் தாமே சான்று கூறச் செய்வதாகாது என்று தீர்ப்பளித்தது. 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, பெருவிரற்பதிவு அறிவியலைப் பிழைக்கு இடமற்ற துல்லிய அறிவியல் என்று போற்றியது. வரியைப் பொறுத்தவரை அப்போற்றுதல் பொருந்தும். வரியைப் படிக்கும் மனிதருக்கும் அதை நீட்டிப்பது பொருந்தாது.

ஆகவே செய்ய வேண்டுவன தெளிவாக உள்ளன. தடத்தை எடுத்த இடம், நேரம், நிழற்படம், அது கைமாறிய வரிசை ஆகிய அனைத்தும் மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். வல்லுநர் முதலில் தடத்தை மட்டும் ஆராய்ந்து குறிகளை எழுதி வைத்த பின்னரே ஐயத்துக்குரியவரின் பதிவைக் காண வேண்டும். சரிபார்க்கும் இரண்டாமவர் முதல் முடிவை அறியாமல் சரிபார்க்க வேண்டும். வழக்கின் பிற செய்திகள் அவர்கள் காதுக்கு எட்டலாகாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கைரேகை என்ற சொல்லைக் கேட்டதும் வாய் மூடாமல், எத்தனை குறிகள், எத்தகைய தடம், எவர் சரிபார்த்தார் என்று கேட்க வேண்டும். விரல்வரி ஒருவருக்கே உரியது. அதைப் படிப்பவர் தவறக்கூடியவர். இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் கொள்ளும் நீதிமன்றமே இவ்வறிவியலை முறையாகப் பயன்படுத்தும் மன்றம்.